நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாதை. ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. நண்பர் வீட்டுக்கு முன்னால் கடைசி நூறடி செம்மண் ஏற்றம். முதல் கியரில் பாதி தூரம் ஏறிய என் வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றின. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. பின்சக்கரங்கள் அசையாமல் கிடந்தன. தோட்டத்து ஜீப் வந்து கயிறு கட்டி இழுத்த பிறகுதான் மேலே போய்ச் சேர்ந்தோம். அடுத்து வாங்கினால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

கோவைக்குத் திரும்பியதும் டயர் கடைக்காரர் முன்டயரின் பள்ளத்தில் விரல் நகத்தை வைத்துக் காட்டினார். நகம் பாதிகூட இறங்கவில்லை. பள்ளத்துக்குள் தேய்மானத்தைக் காட்டுவதற்காகவே விட்டிருக்கும் சிறு ரப்பர் கட்டை, டயரின் மேற்பரப்போடு கிட்டத்தட்டச் சமமாகிவிட்டிருந்தது. அந்தக் கட்டையின் உயரம் 1.6 மில்லிமீட்டர். அதைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். டயர்களை மாற்றினேன். மூன்று வாரம் கழித்து அதே பாதை, அதே ஈரம். கொஞ்சம் திணறியது, ஆனால் ஏறிவிட்டது.

அதனால் ‘சின்ன எஸ்யூவி ஒன்று பார்க்கிறோம், ஆல் வீல் டிரைவ் எடுக்கலாமா?’ என்று யார் கேட்டாலும், எந்தச் சாலைக்கு என்றுதான் முதலில் கேட்கிறேன். நம் ஊரில் பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேருக்கு அது தேவைப்படாது. அந்தப் பத்தாவது ஆளுக்கு அது இல்லாமல் முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த விளக்கம்.

ஷோரூமில் எஸ்யூவி என்ற பெயரில் நிற்பவற்றில் பெரும்பாலானவை கிராஸ்ஓவர்கள். காரின் உடலைக் கொஞ்சம் உயர்த்தி, அகலமான டயர் போட்டு, பானெட்டை நிமிர்த்தி வைத்தது. பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, கிரெட்டா எல்லாம் இந்த வகை. பாடியும் சேஸிஸும் ஒரே வார்ப்பாக இருக்கும், எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றும். தார், ஜிம்னி வேறு வகை. ஏணி போன்ற தனிச் சேஸிஸ் மீது பாடி உட்கார்ந்திருக்கும். தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் செய்யும் வேலை வேறு.

ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவரில் எஞ்சினிலிருந்து ஒரு தண்டு பின்பக்கம் ஓடும். பின் அச்சுக்குப் பக்கத்தில் கிளட்ச் போன்ற ஓர் இணைப்பு உண்டு. சாதாரண ரோட்டில் அது பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும், முன்சக்கரங்களே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். முன்சக்கரம் வழுக்குகிறது என்று சென்சார் சொன்னதும் இணைப்பு இறுகி, விசையில் ஒரு பங்கைப் பின்னுக்கு அனுப்பும். கிராண்ட் விட்டாராவிலும் டொயோட்டா ஹைரைடரிலும் வரும் ஏற்பாடு இதுதான். ‘லாக்’ என்று திருகியைத் திருப்பினால் அந்த இணைப்பு இறுக்கமாகவே நிற்கும். சேற்றில் சிக்கிய பிறகு திருப்புவதைவிட, சேற்றைப் பார்த்ததும் திருப்புவது நல்லது.

தார், ஜிம்னியில் இருப்பது பழைய ஜீப் வழி. நெம்புகோலைத் தள்ளினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். கூடவே ‘லோ’ கியர் உண்டு. வேகம் குறைந்து, இழுவை பலமடங்கு கூடும். பாறையும் ஓடைக்கல்லும் நிறைந்த பாதையில் ஊர்ந்து ஏற இதற்கு ஈடு இல்லை. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் இதைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு அச்சும் பூட்டியிருந்தால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் தண்டிலும் பல்சக்கரங்களிலும் முறுக்கு ஏறும். ஈர மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். தார் ரோடு விடாது.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாலு சக்கரமும் இழுப்பது கிளம்பவும் ஏறவும்தான் உதவும். நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் வேகமாக இறங்கினால் ஆல் வீல் டிரைவும் மற்ற வண்டியைப் போலவே சறுக்கும். அங்கே காப்பாற்றுவது டயரும், குறைந்த கியரும், வண்டி தடம் மாறும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு நேராக்கும் ஈஎஸ்சியும்தான். எடுக்கும் வேரியண்டில் ஈஎஸ்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சன்ரூஃப், பெரிய திரை எதற்காகவும் மனம் இளகாதீர்கள்.

வெள்ளமும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் உயரமான வண்டிகளும் நின்று போயின. தண்ணீரில் வண்டியின் தலைவிதியைத் தீர்மானிப்பது எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. அதற்குள் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதத்தை ஏற்க மாட்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். தாழ்வான பகுதியில் வீடு இருப்பவர்களுக்கு ஆல் வீல் டிரைவுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இந்தச் சின்னத் தொகை பயன்படும்.

அப்படியானால் யாருக்கு அது வேண்டும்? மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள், மழையில் கரைந்து போகும் களிமண் வழியாகத் தினமும் வயலுக்குப் போகிறவர்கள், மணல் பாதையில் படகுத்துறைக்கு இறங்க வேண்டியவர்கள், வனத்தை ஒட்டிய ஊர்களில் வேலை பார்ப்பவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வருகிறவர்களுக்கு வேண்டாம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் தார் ரோடுதான்.

தேவையில்லாமல் எடுத்தால் செலவு பின்னாலேயே வரும். கிராண்ட் விட்டாரா வந்தபோது மேனுவல் கியர் வண்டிக்கு நிறுவனம் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஆல் வீல் டிரைவுக்கு 19.38. ஓட்டத்தில் இரண்டுமே குறையும், இடைவெளி அப்படியே இருக்கும். டயரையும் முன்னால் ஒரு ஜோடி, பிறகு பின்னால் ஒரு ஜோடி என்று மாற்ற முடியாது. நாலும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பின் இணைப்பு ஓயாமல் உரசிச் சூடாகும்.

பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி. கிராமத்து வேகத்தடைகளில் அடி தட்டாமல் போக வேண்டும், அவ்வளவுதான். விளம்பரத்தில் 190, 200, 210 மில்லிமீட்டர் என்று போடுவது பல நேரம் ஆள் ஏறாத வண்டியின் கணக்கு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அது கீழே இறங்கும். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவிலேயே மோசமான வேகத்தடையில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சின் உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் எதைத் தாண்டினாலும் 40 சதவீதம். பல வண்டிகள் 3995 மில்லிமீட்டரில் வந்து நிற்பது இதனால்தான். ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் 1462 சிசி பெட்ரோல் எஞ்சின் மேல் வரிக்குள் விழும். மூன்று கதவுத் தாரில் 1.5 லிட்டர் டீசல், பின்சக்கர இழுவை வண்டி கீழ் வரியில் வரும், 2.2 லிட்டர் டீசல், நாலு சக்கர இழுவை வண்டி மேல் வரியில் வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்திய கணக்குப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு 1,28,700 கட்டுவீர்கள். ‘இருபதாயிரம்தானே சார், அடுத்த வேரியண்ட் போயிடுங்க’ என்று சொல்லி 10,10,000 ரூபாய் வண்டியைக் காட்டினால், வரி 1,81,800. இருபதாயிரத்துக்காக வரியில் மட்டும் 53,100 கூடுகிறது. ஆன்ரோடு விலையை ஒவ்வொரு வேரியண்டுக்கும் எழுதி வாங்கிய பிறகே பேசுங்கள்.

எஞ்சினில் மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். ஆனால் சின்ன டர்போ எஞ்சின் குறைந்த சுற்றில் சோர்ந்து, ஒரு நொடி கழித்துத்தான் பாயும். வளைவில் அந்த ஒரு நொடி பெரிதாகத் தெரியும். ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வர்ட்டர் வகை மலை நெரிசலில் பொறுமையாக ஊரும். உலர் கிளட்ச் உள்ள டிசிடி அதே நெரிசலில் சூடேறக் கூடும். டீசல் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மட்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று ஓட்டினால் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி சூடேறிச் சுத்தமாக நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

மோதல் சோதனை மதிப்பெண் இல்லாத வண்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2018இல் நெக்ஸான் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது இந்தியாவில் தயாரான எந்தக் காரும் அதுவரை அதை எட்டியிருக்கவில்லை. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நமக்கே சோதனை முறை இருக்கிறது. பெரியவர்களுக்கான நட்சத்திரத்தோடு நிற்காமல் குழந்தைகளுக்கான நட்சத்திரத்தையும் பாருங்கள்.

என் விஷயத்தில் கடைசியில் முடிவு செய்தது அம்மா. முழங்கால் வலிக்காரர். முதலில் பார்த்த உயரமான நாலு சக்கர வண்டியில் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, மறுகையால் கைப்பிடியைத் தேடி, இரண்டு முறை முயன்றுவிட்டு, ‘நான் வீட்லயே இருந்துக்கறேம்ப்பா’ என்றார். பக்கத்தில் நின்ற கிராஸ்ஓவரின் கதவைத் திறந்தோம். இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, ‘இதுல ஊட்டிக்குப் போலாமா?’ என்று கேட்டார். முன்சக்கர வண்டியே எடுத்தோம், நல்ல டயரோடு.