எழுதாத பரீட்சையில் வாங்கின 188

போன செப்டம்பரில் ஒரு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ. எதிரில் இருந்தவர் என் ரெஸ்யூமேவை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பிளஸ் டூ வரியில் கண் நின்றது. "2021-ஆ? ஓ, கொரோனா பேட்ச்!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேற என்ன பண்றது? அவர் சொன்னதில் தப்பு ஒண்ணும் இல்லை. நான் பிளஸ் டூ பொதுத் தேர்வு எழுதவே இல்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டில் படித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் யாருமே எழுதவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் மார்க் ஷீட் வந்தது, கட் ஆஃப் வந்தது, ரேங்க் வந்தது, அதை வைத்துத்தான் இந்தக் காலேஜில் சீட்டும் வந்தது.

என் கட் ஆஃப் 188. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று நாலு வருஷமாக நான் யோசித்ததே இல்லை. இன்டர்வியூ முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. ஜூனியர்ஸ், உங்களுக்கு இது பழைய கதை மாதிரி தோணலாம். ஆனால் கட் ஆஃப் என்பது உண்மையில் எதை அளக்கிறது என்று புரிந்துகொள்ள எங்க பேட்ச்சை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் அடிப்படை. இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. இது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வருஷத்தில் 2021 ஜூன் மாதம் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தார்கள். பிறகு ஒரு ஃபார்முலா வந்தது: பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூவில் செய்முறைத் தேர்வும் அகமதிப்பீடும் சேர்த்து 30 சதவீதம். ஜூலை 19-ஆம் தேதி ரிசல்ட். மார்க் எல்லாம் தசமப் புள்ளியோடு வந்தது. எழுதாத பரீட்சைக்கு இவ்வளவு துல்லியம்!

இப்போது அந்த 50 சதவீதத்தைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பார்ப்போம். பத்தாவதில் நீங்கள் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரி. எந்த மூன்று பாடம் என்று கட்டுப்பாடு இல்லை. எனக்கு அந்த மூன்றில் ஒன்று சோஷியல் சயின்ஸ், 98 மார்க். இன்னொன்று இங்கிலீஷ். மூன்றின் சராசரி 97, அதில் பாதி 48.5. இந்த 48.5 அப்படியே பிளஸ் டூ கணக்கிலும் போய் உட்கார்ந்தது, பிசிக்ஸிலும் உட்கார்ந்தது, கெமிஸ்ட்ரியிலும் உட்கார்ந்தது. அதாவது என் கெமிஸ்ட்ரி மார்க்கில் முதல் உலகப் போருக்கும் ஒரு பங்கு உண்டு.

பிளஸ் ஒன் பங்கு எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து. நான் பிளஸ் ஒன்னில் சுமார் ரகம். கணக்கில் 90-க்கு 72, பிசிக்ஸில் 70-க்கு 49. கெமிஸ்ட்ரி கதை தனி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததால் எங்களுக்குப் பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி தேர்வே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டார்கள். எனக்கு 70-க்கு 56 கிடைத்தது. ஸ்கூல் பஸ் டிரைவர் அண்ணனுக்கும் இதில் நன்றி சொல்லணும்.

மிச்சம் 30. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியில் செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்குக்குச் செய்முறை கிடையாது, அதனால் பத்து மார்க் அகமதிப்பீட்டையே 30-க்கு மாற்றினார்கள். அகமதிப்பீட்டில் யாருக்காவது பத்துக்கு ஒன்பது போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் முப்பதுக்கு முப்பது.

கூட்டிப் பாருங்கள். கணக்கு: 48.5, 16, 30. மொத்தம் 94.5. பிசிக்ஸ் 92.5. கெமிஸ்ட்ரி 94.5. கட் ஆஃப் 188. இந்த 188-இல் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் இருந்து என்னை யாரும் ஒரு கேள்வி கூட கேட்கவில்லை. தொகை நுண்கணிதம் தெரியுமா தெரியாதா என்று பார்க்காமலேயே இன்ஜினியரிங் கணக்குக்கு 94.5 போட்டு அனுப்பிவிட்டார்கள். முதல் செமஸ்டர் எம்-ஒன் பேப்பர் அதைக் கண்டுபிடித்தது. அரியர்.

இதே பேப்பரில் என் ரூம்மேட் கணக்கையும் போட்டேன். அவன் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பத்தாவதில் முதல் மூன்று பாடச் சராசரி 80. பிளஸ் ஒன்னில் ஒரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்தார், பையன் பிடித்துக்கொண்டான். கணக்கில் 90-க்கு 81, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டிலும் 70-க்கு 63. ஃபார்முலாவில் போட்டால் ஒவ்வொரு பாடத்திலும் 40, 18, 30. மொத்தம் 88. கட் ஆஃப் 176.

இப்போது ஒரு சோதனை. எங்கள் இரண்டு பேரின் பிளஸ் ஒன் மார்க்கை மட்டும் வைத்து, செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாகக் கொடுத்து, அதே 200-க்குக் கட் ஆஃப் போட்டால்? எனக்கு 164.5. அவனுக்கு 184.

இதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே இரண்டு பேர். ஒரு அளவுகோலில் நான் 12 மார்க் முன்னாடி, இன்னொன்றில் அவன் 19.5 மார்க் முன்னாடி. ஏன் இப்படி ஆகிறது என்றால், ஃபார்முலாவில் பத்தாம் வகுப்பு வித்தியாசம் கட் ஆஃபில் 17 மார்க்காக எனக்குச் சாதகமாக வருகிறது. பிளஸ் ஒன் சயின்ஸிலும் கணக்கிலும் அவன் என்னை அடித்த அடி முழுக்கச் சேர்ந்தும் 5 மார்க்தான் ஆகிறது. 20 சதவீத எடை என்றால் அவ்வளவுதான். 30 சதவீதப் பங்கில் எல்லாருக்கும் முழு மார்க், அதனால் அது யாரையும் பிரிக்கவில்லை. ஆக எங்க பேட்ச்சில் ரேங்க்கைப் பெரும்பாலும் தீர்மானித்தது 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய பத்தாவது தேர்வு.

பதினைந்து வயதில் யார் நன்றாக எழுதியிருப்பார்கள்? எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், வீட்டில் ஆளுக்கொரு மேசை, சாயங்காலம் டியூஷன் என்று வளர்ந்த என்னை மாதிரி ஆட்கள்தான். லேட்டாக வேகம் எடுத்தவனுக்கு அந்த ஃபார்முலாவில் இடம் குறைவு. திருப்தி இல்லாதவர்கள் ஆகஸ்டில் தனியாகத் தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆனால் அதில் வரும் மார்க்தான் கடைசி, குறைந்தாலும் அதுதான். எங்கள் வகுப்பில் ஒருத்தரும் எழுதவில்லை, ரூம்மேட்டும் எழுதவில்லை.

"அப்போ எல்லாருக்கும் ஒரே நுழைவுத் தேர்வு வைத்தால் பிரச்சினை தீர்ந்ததே" என்று சிலர் சொல்வார்கள். இதுவும் இங்கே பார்த்த படம்தான். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300-க்குக் கட் ஆஃப். எங்க மாமா பேட்ச்செல்லாம் அதில் வந்தவர்கள், இன்னும் "எனக்கு 300-க்கு இவ்வளவு" என்று பெருமை பேசுவார். ஒரே கேள்வித்தாள் என்பது என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கான கோச்சிங் சென்டர் ஊருக்கு ஊர் ஒன்றாக இல்லையே. கிராமத்துப் பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்ற பேச்சு வளர்ந்து, 2006-இல் ஆனந்தகிருஷ்ணன் குழு, பிறகு சட்டம், 2007-இலிருந்து இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. மருத்துவத்துக்கு நீட் வந்ததும் அதே சண்டை மறுபடி ஆரம்பித்தது, அது தெரிந்த கதை.

நுழைவுத் தேர்வை எடுத்தால் வேறு ஒரு சிக்கல் வரும். சி.பி.எஸ்.இ. மார்க்கையும் ஸ்டேட் போர்டு மார்க்கையும் எப்படி ஒரே வரிசையில் வைப்பது? அதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஸ்டேட் போர்டில் பிசிக்ஸ் முதல் மார்க் 100, இன்னொரு போர்டில் முதல் மார்க் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 90-ஐ 100-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போர்டில் 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும். நார்மலைசேஷன் என்று கவுன்சிலிங் நேரத்தில் எல்லாரும் சொல்வது இதைத்தான். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு: இரண்டு போர்டிலும் யாராவது ஒருத்தர் சென்டம் எடுத்துவிட்டால் 100-ஐ 100-ஆல் வகுத்து ஒன்று. அதற்கப்புறம் ஒரு போர்டின் பேப்பர் எவ்வளவு கஷ்டமாக இருந்திருந்தாலும் மார்க் நகராது. உச்சியில் இருக்கும் ஒரே ஒருத்தரை வைத்துக் கீழே இருக்கும் லட்சம் பேரையும் அளக்கும் முறை இது.

எங்களுக்குப் பரீட்சை ரத்தான அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே கேள்வி ஓடியது. சாட் என்ற பொதுத் தேர்வைக் கொரோனா நேரத்தில் நடத்த முடியாமல், மார்க் கொடுத்தால் கொடு இல்லாவிட்டால் பரவாயில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்லிவிட்டன. எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் அந்தத் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கியது. (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டன் பக்கத்தில் இருப்பது.) அவர்கள் சொன்ன காரணம் எனக்கு நன்றாகவே புரிந்தது: அங்கே எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் கால்குலஸும் பிசிக்ஸும் படித்தே ஆக வேண்டும், அதற்குத் தயாராக இருக்கிறார்களா என்பதைக் கணக்கு மார்க் காட்டுகிறது. பெரிய பாடங்கள் இல்லாத சாதாரணப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தன் திறமையைக் காட்ட இந்தத் தேர்வு ஒரு வழி என்றும் சொன்னார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் நேர் எதிர், சாட்டையே தூக்கிவிட்டது. ஒரு வித்தியாசம் முக்கியம். அங்கே தேர்வு மார்க் ஒரு ஃபைலில் ஒரு தாள். கூடவே பள்ளி மார்க், கட்டுரை, ஆசிரியர் கடிதம் எல்லாம் உண்டு. நமக்கு அந்த ஒரே எண்தான் ஃபைல். இரண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் வந்தால் கணக்கு மார்க், பிசிக்ஸ் மார்க் என்று பார்த்துக்கொண்டே போய், அதிலும் பிரிக்க முடியாவிட்டால் கடைசியில் ரேண்டம் நம்பர்.

2021-இல் இன்னொன்றும் நடந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு அந்த வருஷம்தான் சட்டமானது. என் ரூம்மேட் அதில்தான் வந்தான். முதல் வருஷம் இதை வைத்து அவனைச் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். வெளியே சொல்லவில்லை என்றாலும் நானும் "176 தானே" என்று மனசுக்குள் நினைத்தவன்தான். அப்புறம் எம்-ஒன் அரியர் கிளியர் பண்ண என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அவனுக்கு இங்கிலீஷ் லெக்சர் புரியாத நாட்களில் நான் தமிழில் சொல்லுவேன், எனக்குக் கணக்குப் புரியாத நாட்களில் அவனும் தமிழில்தான் சொல்லுவான். (இதைத் தமிழில் எழுதும் தைரியமும் அப்படி வந்ததுதான்.) இரண்டு பேரை வைத்து ஒரு ஃபார்முலாவைத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் என் 188-ஐயும் அவன் 176-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து "யார் தகுதி?" என்று கேட்பவர்களுக்கு, முதலில் அந்த எண்கள் எதனால் ஆனவை என்று காட்டத் தோன்றுகிறது.

பேப்பரை அவனிடம் காட்டினேன். 184 என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தான். "அப்போ நான் இங்க உன் கூட கொசுக்கடியில இருந்திருக்க மாட்டேன்டா, கிண்டியில இருந்திருப்பேன்" என்றான். நான், "அப்போ அந்த வருஷம் எக்ஸாம் வச்சிருக்கணும்ங்கிறியா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான்.

"தெரியலடா. பிளஸ் டூ முழுக்க எங்க வீட்டுல இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். கல்வி டிவியில ஓடுறதைப் பார்த்து நோட்டுல எழுதிக்குவேன். கரண்டு போனா அன்னைக்குப் பாடம் போச்சு. அந்த நிலைமையில எக்ஸாம் வச்சிருந்தா இந்த 176-ஆவது வந்திருக்குமான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அந்த வருஷம் லேப்டாப்பும் வைஃபையும் தனி ரூமும் இருந்தது. அதை எந்த வரியில் கூட்டுவது, எந்த வரியில் கழிப்பது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன். அவனுக்குப் பிப்ரவரியில் கேட் எக்ஸாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் இரண்டு ஷிஃப்டாக நடக்கும், அதிலும் மார்க்கை நார்மலைஸ் பண்ணுவார்கள். அந்த ஃபார்முலாவை எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டேன். "அது அப்புறம். முதல்ல இந்த லீனியர் அல்ஜீப்ரா சம்மை நீ போடு, பார்க்கலாம்" என்று நோட்டை என் பக்கம் தள்ளினான்.