சமையலறையில் ஒரு பியர் குழாய்

சென்ற ஆண்டுவரை இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போத்தல் கழுவும் நாள். வீட்டில் 19 லிட்டர் பியர் காய்ச்சினால் 330 மில்லிலிட்டர் போத்தல்கள் 57 தேவைப்படும். அவற்றைக் கழுவி, கிருமி நீக்கி, ஒவ்வொன்றிலும் சீனியை அளந்து போட்டு, பியரை ஊற்றி, மூடியை அழுத்தி நிமிர்ந்தால் அரை நாள் போயிருக்கும். முதுகும் போயிருக்கும்.

வானொலியில் வாரம் முழுக்கப் பேசிப் பிழைக்கும் எனக்கு, பேசாமல் செய்யக்கூடிய பொழுதுபோக்காக அமைந்தது பியர் காய்ச்சுவது. “இது சட்டப்படி சரியா?” என்று கேட்காத நண்பர் இல்லை. சரிதான். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு பியர், வைன் போன்றவற்றை உரிமம் இல்லாமல் தங்கள் வீட்டில் தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு. விற்கக்கூடாது. காய்ச்சி வடித்து சாராயம் எடுக்கவே கூடாது.

போத்தலுக்கு விடைகொடுத்து, கடைகளில் இருப்பதுபோல் ஒரு டிராஃப்ட் பியர் குழாயை வீட்டிலேயே அமைத்துவிடலாம் என்று ஒருநாள் முடிவெடுத்தேன்.

பழைய குளிர்பானப் பீப்பாய்

தேவையானவை அதிகமில்லை. ஒரு எஃகுப் பீப்பாய், கரியமில வாயு உருளை, வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இரண்டு ரப்பர் குழல்கள், ஒரு குழாய்த் தலை, இவை எல்லாம் அடங்கும் குளிர்பதனப்பெட்டி.

வீட்டில் காய்ச்சுவோர் பயன்படுத்தும் 19 லிட்டர் பீப்பாய்க்கு ‘கார்னீலியஸ் கெக்’ என்று பெயர். அது பியருக்காகப் பிறந்ததே இல்லை. உணவகங்களுக்குக் குளிர்பானப் பாகை அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது. பிறகு பெட்டிக்குள் பை வைத்துப் பாகை அனுப்பும் முறை வந்ததும், வேலையிழந்த பீப்பாய்கள் வீட்டில் பியர் காய்ச்சுவோர் கைக்கு வந்தன. நான் வாங்கியதும் பழையதுதான். மூடியைத் திறந்தபோது உள்ளே லேசாக இனிப்பு வாசம். மூடியின் ரப்பர் வளையத்தில்தான் அந்த வாசம் தங்கும், அதை மாற்றுங்கள் என்றார் விற்றவர். நான் மாற்றவில்லை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

காதை ஏமாற்றிய கசிவு

முதல் இரவு எல்லாவற்றையும் இணைத்து, வாயுவைத் திறந்துவிட்டுப் படுத்தேன். காலையில் ரெகுலேட்டரின் முள் பூஜ்யத்தில் நின்றது. 2.27 கிலோ வாயுவும் இரவோடு இரவாக வெளியேறியிருந்தது. ஒலிப்பதிவில் ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டாலே மறுபடி பதிவு செய்பவன் நான். குளிர்பதனப்பெட்டியின் உறுமலுக்கு அடியில் ஓடிய அந்த ‘ஸ்ஸ்’ எனக்குக் கேட்கவில்லை.

வாயு போனது பெரிதில்லை. முதலில் நான் இந்த அமைப்பை எங்கள் வீவக வீட்டின் பாதுகாப்பறையில் வைக்கத்தான் திட்டமிட்டிருந்தேன். “அரிசி மூட்டையை எங்கே வைப்பதாம்?” என்று மனைவி மறுத்ததால்தான் சமையலறைக்கு வந்தது. கரியமில வாயுவுக்கு மணம் கிடையாது, காற்றைவிடக் கனமானது. 2.27 கிலோ வாயு வெளியே பரவினால் ஏறத்தாழ 1.2 கனமீட்டர் இடத்தைப் பிடிக்கும். எஃகுக் கதவு போட்ட அந்தச் சிற்றறையில் அது தேங்கியிருக்க, காலையில் அரிசி எடுக்க யாராவது உள்ளே போயிருந்தால்? சமையலறைச் சன்னல் இரவெல்லாம் திறந்திருந்தது. அதற்குமேல் அன்று என்னால் யோசிக்க முடியவில்லை.

இப்போது இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். காற்றோட்டமில்லாத அறையில் உருளையை வைக்கமாட்டேன். உருளை எப்போதும் நிமிர்ந்து, சாயாதபடி கட்டியிருக்கும். ரப்பர் வளையங்களை அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

நுரையும் குழலும்

அடுத்த தொல்லை நுரை. குழாயைத் திறந்தால் குவளையில் முக்கால் பங்கு நுரைதான். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். அன்று நுரை அடங்கியது, ஒரு வாரத்தில் பியர் சப்பென்று ஆகிவிட்டது.

குற்றம் அழுத்தத்தில் இல்லை, குழலின் நீளத்தில் இருந்தது. பியரை 4 டிகிரி செல்சியசில் வைத்து, 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒன்றிரண்டு வாரம் விட்டால் வாயு அளவாகக் கரையும். ஆனால் அதே அழுத்தம்தான் பியரை வெளியேயும் தள்ளுகிறது. அந்த வேகம் குவளையை எட்டுவதற்குள் தணிய வேண்டும். குறுகிய, நீண்ட குழலுக்குள் உரசிக்கொண்டு வரும்போது தணிகிறது. நான் போட்டிருந்தது அரை மீட்டர்க் குழல். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த உள்விட்டம் கொண்ட குழலை 3 மீட்டர் வாங்கி, பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்தேன். நுரை இரண்டு விரல் உயரத்தில் நின்றது. நம் ஊர் வெக்கையில் குழாய்த் தலை சூடாகிவிடும் என்பதால் முதல் மடக்கு மட்டும் இன்றும் கொஞ்சம் நுரைக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பீப்பாய்க்கும் இடையே குழலைக் கழுவாவிட்டால் வரும் புளிப்பைத்தான் பொறுக்க முடியாது.

அப்பா கேட்ட கேள்வி

தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பா வந்தார். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா, சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவரைக் கூட்டிவரப் பாட்டி அனுப்புவது மூத்த பிள்ளையான அப்பாவைத்தான். அதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார்.

குழாயைப் பார்த்தார். திட்டவில்லை. “போத்தல்னா காலியானது கண்ணுக்குத் தெரியும். இதுல எவ்வளவு குடிச்சேன்னு எப்படிய்யா தெரியும் உனக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியும்பா” என்றேன். தெரியாது. அவர் போனபின் கணக்குப் போட்டேன். முன்பு 57 போத்தல்கள், நண்பர்களுக்குக் கொடுத்ததும் சேர்த்து, இரண்டு மாதம் வரும். நாளுக்கு ஒன்றுகூட இல்லை. இந்தப் பீப்பாயோ 23 நாளில் தீர்ந்திருந்தது. நண்பர்கள் ஒருநாள் வந்து குடித்த 4 லிட்டரைக் கழித்தாலும் எனக்கு நாளுக்கு 650 மில்லிலிட்டர். என் பியரில் மதுவின் அளவு 5 விழுக்காடு. அப்படியானால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம் மது. ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’, அதாவது 20 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள சுகாதார அறிவுரை. ‘ஒரு வாய் பார்க்கலாம்’ என்று சமையலறைக்குப் போய்ப் போய் அரைக் குவளையாக ஊற்றியதெல்லாம் என் கணக்கில் வரவே இல்லை.

போத்தல் கழுவும் அலுப்பை ஒழிக்கத்தான் இத்தனையும் செய்தேன். அந்த அலுப்புதான் என்னை அளவோடு வைத்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

எடைக்கருவியும் இஞ்சிச் சோடாவும்

குழாயைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். கழற்றவில்லை. எடைபார்க்கும் கருவி ஒன்றைப் பீப்பாய்க்கு அடியில் வைத்தேன். வெறும் பீப்பாயின் எடை 4 கிலோவுக்குச் சற்று அதிகம். மீதியை லிட்டராகவே கொள்ளலாம். ஞாயிறுதோறும் எடையைக் குறித்து பெட்டிக் கதவில் ஒட்டுகிறேன். வாரநாள்களில் குழாய்த் தலை கழன்று மனைவியின் அலமாரியில் இருக்கும். இப்போது ஒரு பீப்பாய் இரண்டு மாதத்தைத் தாண்டுகிறது.

வீட்டில் இப்படி ஒன்றை அமைக்க நினைப்பவர்கள், வாங்கும் பட்டியலில் ரெகுலேட்டருக்கு அடுத்தபடியாக எடைக்கருவியையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்படிக் குறித்து வைப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால், போத்தலிலேயே தொடருங்கள்.

அண்மையில் இரண்டாவது குழாய் ஒன்றும் பொருத்தினேன். அதில் இஞ்சி, எலுமிச்சை, சீனி சேர்த்த சோடா. நொதிக்க வைப்பதில்லை, மது துளியும் இல்லை. போன ஞாயிறு அப்பா வந்து தானே ஒரு குவளை பிடித்துக் குடித்தார். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இஞ்சி பத்தாது” என்றார்.