ஐந்தாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்கு

உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் இந்த ஆக்கத்தைச் சற்று நிதானமாக வாசியுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லக் கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் சந்திக்குச் சந்தி டியூஷன் வகுப்புகள் இருக்கின்றன. பரீட்சை முடிந்து, பெறுபேறும் வந்து, புதிய சீருடையோடு பிள்ளை புதிய பாடசாலையின் வாசலில் நிற்கும் அந்த முதல் தவணையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் வகுப்பு நடத்துவதில்லை.

என்ன மாறுகிறது என்று பாருங்கள். அக்குறணையிலோ மடவளையிலோ தெல்தெனியப் பக்கத்திலோ ஒரு சிறிய பாடசாலையில் ஐந்து வருடம் படித்த பிள்ளை அது. வகுப்பாசிரியை அதன் உம்மாவை அறிவார், மூத்தம்மாவையும் அறிவார். காலையில் முகம் வாடியிருந்தால் "ஏன் மகள், சாப்பிடவில்லையா?" என்று கேட்பார். ஆறாம் தரத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் ஓர் ஆசிரியர் போய் இன்னோர் ஆசிரியர் வருகிறார். பிள்ளையின் பெயர் பலருக்குத் தெரியாது. எந்தக் கொப்பியை எந்த நாளில் கொண்டு போவது, மலசலகூடம் எங்கே, சிற்றுண்டிச்சாலையில் எப்படி வரிசையில் நிற்பது, பின்னேரம் எந்த பஸ்ஸில் ஏறுவது - எல்லாமே புதிது. நேற்றுவரை ஆரம்பப் பிரிவில் பெரிய பிள்ளையாக இருந்தவள், இன்று பாடசாலையிலேயே சின்னப் பிள்ளைகளில் ஒருத்தியாகி விடுகிறாள். நமக்கு இது அற்பமாகத் தெரியலாம். திருமணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன முதல் மாதத்தை நினைத்துப் பார்க்கும் சகோதரிகளுக்கு அற்பமாகத் தெரியாது.

பிள்ளை இதை வாயால் சொல்லாது. வயிறு சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு வயிற்றுவலி வரும், திங்கட்கிழமை காலையில் வாந்தி வரும், வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் சுகமாகி விடும். சில பிள்ளைகள் தம்பி தங்கையை அடிக்கும். சிலது நிறுத்தியிருந்த பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைக்கும். இன்னும் சிலது வாயே திறக்காது. பென்சில், தண்ணீர்ப் போத்தல், சப்பாத்து என்று ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டு வரும். நாம் "செல்லம் கூடிப்போச்சு" என்போம், அல்லது "கண்ணூறு பட்டிருக்கு" என்போம். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஓதிப் பார்க்கச் சொல்லி எம்மிடமும் அழைத்து வருகிறார்கள். ஓதுவதில் தடையில்லை, துஆவில் குறைவில்லை. ஆனால் ஓதிய பிறகு நான் அந்தத் தாயிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "பிள்ளை இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறது?" பெரும்பாலான தாய்மாருக்குப் பதில் தெரியாது. கணிதத்தில் எத்தனை புள்ளி என்று மட்டும் தெரியும்.

இந்த இடத்தில்தான் பாடசாலை உளவளத்துணை என்ற விடயம் வருகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆரம்பப் பாடசாலையிலேயே இதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுப் பாடசாலை ஆலோசகர் சங்கத்தின் சிபாரிசு. அங்கேயே பல இடங்களில் அது எட்டப்படவில்லை. நமது நாட்டில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி நெறிகளை நடத்துகிறது. என்றாலும் அவர்களை அதிகமாகக் காண்பது இடைநிலை வகுப்புகள் உள்ள பெரிய பாடசாலைகளில்தான். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள சின்னப் பாடசாலையில் வகுப்பாசிரியையே தாயாகவும் ஆலோசகராகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று விதமாகக் கற்பிக்கும் முறை வந்தது. முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் எழுத்துப் படிப்பிப்பதில்லை. முதலில் பிள்ளையை இனங்காணும் நிகழ்ச்சி நடக்கும். ஆடவும், வரையவும், கதைக்கவும் விட்டு, எந்தப் பிள்ளை பிறரோடு சேர்கிறது, எது ஒதுங்கி நிற்கிறது, எதற்குக் காது மந்தம், எதற்குப் பேச்சுத் தாமதம் என்று ஆசிரியை குறித்துக்கொள்வார். "பள்ளிக்கூடம் தொடங்கியும் பிள்ளை விளையாடிட்டே வருது" என்று முறையிடும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அந்த விளையாட்டில்தான் ஆசிரியை உங்கள் பிள்ளையைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளையை இப்படி இனங்காண ஒரு கிழமையாவது ஒதுக்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியர் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார்? முதலில், அவர் புத்திமதி சொல்வதில்லை. எம்மைப் போன்ற மௌலவிமாருக்கு இது கொஞ்சம் கஷ்டமான காரியம்; சொல்லிக் கொடுத்தே பழகிவிட்டோம். அவர் கேட்கிறார். "அழாதே" என்று சொல்லாமல், "புது வகுப்பில் பயமாக இருக்கிறதா, கோபமாக இருக்கிறதா, வெட்கமாக இருக்கிறதா?" என்று உணர்ச்சிக்குப் பெயர் வைக்கப் பழக்குகிறார். பெயர் தெரியாத பயம் இருட்டில் கேட்கும் சத்தம் போன்றது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் பூனையாக இருக்கும். பேச மாட்டாத பிள்ளைக்குக் காகிதமும் நிறப் பென்சிலும் கொடுத்து வகுப்பறையை வரையச் சொல்வார். தன்னை எங்கே வரைகிறது, யாருக்குப் பக்கத்தில் வரைகிறது என்பதே பேச்சுக்கு வழி திறந்துவிடும். நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும்படி எப்படிக் கேட்பது, கேலி செய்தால் என்ன பதில் சொல்வது என்று நடித்துப் பார்க்க வைப்பார். மேல் வகுப்பு மாணவி ஒருத்தியைத் துணையாக விட்டு முதல் கிழமைகளில் பாடசாலையைச் சுற்றிக் காட்டச் செய்வார். பிள்ளை சொன்னதை ஆசிரியர் ஓய்வறையில் பேச மாட்டார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மாத்திரம் உரியவர்களிடம் சொல்வார், சொல்லப்போகிறேன் என்று பிள்ளையிடமும் தெரிவிப்பார்.

ஆகவே அந்த ஆசிரியரிடம் உங்கள் பிள்ளையை அனுப்பச் சொன்னால், "என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். கண் தெரியாவிட்டால் கண்ணாடி போடுகிறோம் அல்லவா?

நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரழி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைரிடம், அவன் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்த செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குருவி இறந்து பிள்ளை கவலையோடு இருந்தான். ஒரு குருவிதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்த ஒருவர், ஒரு சின்னப் பிள்ளையின் குருவிக்கு நேரம் கொடுத்தார்கள். வீட்டிலே நாம் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் இவ்வளவுதான். பிள்ளை வந்ததும் புத்தகப்பையைத் திறக்காதீர்கள். தேநீரைக் கொடுத்து, "இன்றைக்கு எது சிரிப்பாக இருந்தது, எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரவு தலைக்கு எண்ணெய் வைக்கும்போது தானாக வரும். தவணை தொடங்க முன்னரே ஒரு நாள் பிள்ளையோடு அதே பஸ்ஸில் போய், இறங்கும் இடத்தையும் பாடசாலை வாசலையும் காட்டி வாருங்கள். டிபன் பெட்டியைத் தானே திறந்து மூடவும், நேரசூசியைப் பார்த்துக் கொப்பியை அடுக்கவும் முன்கூட்டியே பழக்குங்கள். குர்ஆன் மத்ரஸா உஸ்தாதிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்காக விடிய எழும்பி, பஸ்ஸில் நின்று போய், திரும்பி வந்து, மத்ரஸாவுக்கும் போய், டியூஷனுக்கும் போகும் பிள்ளை களைத்துப் போவது சோம்பல் அல்ல.

புலமைப்பரிசிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் இதற்கு அடி போடப்பட்டது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஒன்றின் கதவைத் திறந்துவிடத்தான். இன்று அது வீட்டு மானமாகிவிட்டது. 2024இல் 3 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்ற ஐவரும் தோற்றவர்களா? சித்தியடைந்த பிள்ளையின் படம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அதே இரவில், பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குப் போய் "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் மாமிமாரை என்ன சொல்வது!

நம் கண்டிப் பிள்ளைகளுக்கு இன்னும் சில தனிக் கஷ்டங்கள் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை இருக்கிறது. நகரத்து வேறு பாடசாலைக்குச் சேர்ந்த பிள்ளை நோன்போடு வகுப்பில் இருக்கும், இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடும். சிலருக்குப் படிக்கும் மொழியே மாறுகிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் சிங்களம். இதை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லுங்கள். நல்ல முறையில் சொன்னால், அந்த நேரத்துக்குப் பிள்ளையை நூலகத்தில் இருக்க விடும் ஆசிரியர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை பக்கங்களில் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. அன்று தாயின் மடியில் இருந்தவர்கள்தான் இப்போது ஆறாம், ஏழாம் தரங்களை எட்டுகிறார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும்போது நமது முகத்தில் தெரியும் பயத்தை அவர்கள் வாசித்துவிடுவார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மண்சரிவும் இதே மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளைக் கொண்டு போயின. மழை இருட்டிக்கொண்டு வந்தால் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு ஓடிவர நினைக்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். மழை பெய்தால் யார் வந்து அழைத்துப் போவார், எங்கே காத்திருக்க வேண்டும் என்ற ஒரு தெளிவான ஏற்பாடே பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

கடைசியாக, பிள்ளை பாடசாலைக்குப் போக மறுப்பதற்குக் காரணம் அடியாக இருந்தால் அது வேறு விடயம். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது. முதலில் அதிபரிடம் அமைதியாகப் பேசுங்கள். அதில் பயனில்லாவிட்டால், அல்லது இதைவிடப் பாரதூரமான எதையாவது பிள்ளை சொன்னால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம், பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம். மனநிலை பற்றிய கவலைகளுக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. இரண்டையும் ஒரு துண்டில் எழுதி, காஸ் கடை இலக்கம் ஒட்டியிருக்கும் அதே குளிர்சாதனப் பெட்டியில், பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.