பெயரறியாப் புலவரும் வெற்றுமதிப்பும்: சங்கப் பாடல் தரவுத்தளங்களில் வினவல் பிழை தவிர்த்தல்

ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970ஆம் ஆண்டு முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரி, இன்று நூலகப் பட்டியல்கள் பலவற்றுக்கும் அடித்தளமாக உள்ளது. செய்திகளை நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றைத் திறவுகோல்களால் பிணைப்பதே அதன் சாரம். சங்க இலக்கியத்தை இம்முறையில் அமைக்கும்போது நேரும் ஒரு பிழையையும் அதனைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எஞ்சிய 398 பாடல்களுள் சிலவற்றைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. பாடல் அட்டவணையில் அத்தகைய பாடல்களுக்குரிய புலவர் நிரல் பொதுவாக 'நல்' எனப்படும் வெற்றுமதிப்பாக விடப்படுகிறது. சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது.

'புலவர் கபிலர்' என்று ஒரு வினவலும், 'புலவர் கபிலர் அல்லர்' என்று மற்றொரு வினவலும் அமைத்தால், இரண்டின் கூட்டுத்தொகை 398 ஆதல் வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் தொகை குறையும். வெற்றுமதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை 'உண்மை'யும் அன்று, 'பொய்'யும் அன்று, 'அறியப்படாதது' என்பதே. எஸ்.க்யூ.எல். மொழியோ உண்மையென முடியும் நிரைகளை மட்டுமே தரும். எனவே பெயரறியாப் புலவர் பாடல்கள் எந்த எச்சரிக்கையுமின்றி மறைந்துவிடுகின்றன.

இதற்குரிய நடைமுறைகள் மூன்று. முதலாவதாக, மறுப்பு வினவல் ஒவ்வொன்றிலும் 'இஸ் நல்' என்னும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அல்லது 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' என்னும் ஒப்பீட்டைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவதாக, புலவர்கள் தனி அட்டவணையில் இருப்பின், உள்ளிணைப்பைத் தவிர்த்து, பாடல் அட்டவணையை முதலாகக் கொண்ட இடப்புற வெளியிணைப்பை மேற்கொள்ள வேண்டும். உள்ளிணைப்பு, இணை கிடைக்காத பாடலை விலக்கிவிடும். மூன்றாவதாக, எண்ணும்போது புலவர் நிரலை எண்ணாமல் நிரைகளையே எண்ண வேண்டும். நிரலை எண்ணும் சார்பு வெற்றுமதிப்புகளைக் கணக்கில் கொள்ளாது.

இவற்றினும் முதன்மையானது அட்டவணையின் வடிவமைப்பு. வெற்றுமதிப்பு, இன்மையின் காரணத்தைக் கூறுவதில்லை. பாடலே கிடைக்காமை ஒன்று. பாடல் கிடைத்தும் பெயர் கிடைக்காமை மற்றொன்று. குறுந்தொகை 40ஆம் பாடலின் ஆசிரியர் செம்புலப்பெயனீரார் எனப்படுவதுபோல, பாடலின் தொடரால் அமைந்த பெயர் மூன்றாவது நிலை. இம்மூன்றையும் வேறுபடுத்த, 'பெயர்நிலை' என்னும் தனி நிரல் ஒன்று தேவை. ஔவையார் என்னும் பெயர் பல காலத்துப் புலவரைக் குறிப்பதால், புலவர் ஒவ்வொருவருக்கும் பெயரைச் சாராத எண்ணே திறவுகோலாக அமைதல் வேண்டும்.

பெண்பாற் புலவர் பாடல்களின் விழுக்காட்டைக் கணிக்கும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பெயரறியாப் பாடல்கள் மறைந்தால் வகுக்கும் எண் குறைந்து, விழுக்காடு உண்மையினும் மிகுந்து தோன்றும். அப்பாடல்களுள் பெண்கள் பாடியவையும் இருக்கக்கூடும் என்னும் ஐயமும் உடன் மறைந்துபோகும். ஆகவே முடிவுகளை வெளியிடுமுன் பகுதிகளின் கூட்டுத்தொகை 398 ஆகிறதா எனச் சரிபார்ப்பது நன்று. ஒரு வரி வினவலில் முடியும் இச்சோதனை, பெயரை இழந்த புலவர் தம் பாடலையும் இழவாதவாறு காக்கும்.