செங்கல் இல்லை, மரம் இல்லை... ஆனால் கோவில் உண்டு!

செங்கல் தர மாட்டோம். மரம் தர மாட்டோம். இரும்பு, செம்பு போன்ற உலோகமும் கிடையாது. சுண்ணாம்புச் சாந்தும் கிடையாது. ஆனால், ஒரு கோவில் கட்ட வேண்டும். உங்களால் முடியுமா குட்டீஸ்?

'முடியும்' என்று ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டினார் ஒரு ராஜா. அவர் பெயர் முதலாம் மகேந்திரவர்மன். அவர் உருவாக்கிய அந்தக் கோவில், விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில், மண்டகப்பட்டு என்ற கிராமத்தில் இன்றும் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, எங்கள் பள்ளியிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குக் கல்விச் சுற்றுலா போனோம். பஸ்சில் ஒரே கும்மாளம். பாட்டு, விடுகதை, புளியோதரை வாசனை! எல்லாருக்கும் ராஜா தேசிங்கு கோட்டையைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால், வழியில் ஒரு பாறைக்கு முன்னால் இறங்கச் சொன்னார் வரலாற்று ஆசிரியர்.

''இதைப் பார்க்கவா சார் நிறுத்தினீங்க? கோபுரம்கூட இல்லையே!'' என்றான் ஒருவன்.

''கோபுரம் இல்லாததுதான் இதன் பெருமை. வாங்க, சொல்றேன்,'' என்று சிரித்தார் சார்.

பாறைக்குள் ஒரு மண்டபம்

ஒரே பாறையைக் குடைந்து உருவாக்கும் கோவிலுக்குக் குடைவரைக் கோவில் என்று பெயர். மண்டகப்பட்டில் முகப்பில் கனமான தூண்கள் நிற்கின்றன. அவற்றின் அடியும் மேலும் சதுரம். நடுப்பகுதி எட்டுப் பட்டை. இரு ஓரங்களிலும் ஆளுயர வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே, பின் சுவரில் மூன்று சிறிய அறைகள். பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஆளுக்கு ஓர் அறை! இப்போது அறைகள் காலியாக இருக்கின்றன.

முகப்பில் சமஸ்கிருதத்தில், கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'செங்கல், மரம், உலோகம், சாந்து எதுவும் இல்லாமல், விசித்திரசித்தன் என்ற அரசன் மூன்று தெய்வங்களுக்கும் அமைத்த கோவில் இது' என்பது அதன் கருத்து. கோவிலின் பெயர் 'லக்ஷிதம்' என்றும் அதில் இருக்கிறது.

யார் இந்த விசித்திரசித்தன்? மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்றுதான் அது. புதுமை புதுமையாகச் சிந்திக்கும் மனம் உடையவன் என்று பொருள் கொள்ளலாம். சித்திரகாரப்புலி, மத்தவிலாசன் என்றெல்லாம்கூட அவருக்குப் பெயர்கள் உண்டு. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவரும் இவரே.

ஏன் கல்வெட்டில் அப்படி எழுதினார்? அந்தக் காலத்தில் கோவில்களை மரத்தாலும் செங்கல்லாலும் கட்டுவது வழக்கம். மரத்தைக் கரையான் அரிக்கும். செங்கல் காலப்போக்கில் சிதையும். மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில், மணலுக்குள் புதைந்து கிடந்த பழைய செங்கல் கோவில் ஒன்றை 2005-இல் கண்டுபிடித்தார்கள். மண்டகப்பட்டுப் பாறையோ, நின்ற இடத்திலேயே நிற்கிறது!

தப்பு செய்தால் அழிக்க ரப்பர் இல்லை!

''எப்படி சார் குடைஞ்சாங்க?'' என்று கேட்டாள் என் பக்கத்தில் நின்ற தோழி.

முதலில் பாறையின் முகப்பைச் செதுக்கிச் சமப்படுத்துவார்கள். தூண் வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டுவார்கள். பிறகு கட்டங்களை உளியால் ஒவ்வொன்றாக உடைத்து எடுப்பார்கள். இப்படியே உள்ளே போகவேண்டும். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில் இந்தக் கட்டங்களை இன்றும் பார்க்கலாம்.

வீடு கட்டும்போது தூண் உடைந்தால் வேறு தூண் வைக்கலாம். இங்கே முடியாது. ஓர் அடி தவறாக விழுந்து தூண் உடைந்தால், உடைந்ததுதான். நம் கணக்கு நோட்டில் அழிப்பதுபோல் அழிக்க ரப்பர் கிடையாது குட்டீஸ்!

ஒரு கூர்மையான கேள்வி

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், கீழே கிடந்த கூரான கல்லை எடுத்துச் சுவரில் தன் பெயரைக் கீறப் போனான். நினைவுக்காக!

சார் பார்த்துவிட்டார். அடி விழப்போகிறது என்று நாங்கள் பயந்தோம். சார் அடிக்கவில்லை, அமைதியாகக் கேட்டார்.

''தம்பி, கல்வெட்டில் யார் பெயர் இருக்கு?''

''ராஜா பெயர் சார்.''

''வெயிலில் உட்கார்ந்து, நாள் முழுக்க உளி பிடித்தவங்க பெயர்?''

அவன் விழித்தான். ''இல்லை சார்.''

''கோவிலையே செஞ்சவங்க பெயர் இங்கே இல்லை. ஒரு சில்லுகூடச் செதுக்காத உன் பெயர் வேணுமா?''

அவன் கை தானாகவே கீழே இறங்கியது. கல் 'டக்'கென்று விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

சிற்பிகளின் பெயர்கள் எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலான கலைஞர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மண்டகப்பட்டில் அந்தப் பாக்கியம் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஓர் எழுத்து சிதைந்தால் என்ன நஷ்டம் என்று நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய், பல்லவர் கோவில்களைத் தேடித் தேடிப் பார்த்து, 1916 முதல் புத்தகங்கள் எழுதினார். அவரைப் போன்றவர்களுக்குக் கிடைத்த சாட்சி, இந்தக் கல்வெட்டுகள்தான். 'விசித்திரசித்தன்' என்ற பெயர்மேல் யாராவது தன் பெயரைக் கீறியிருந்தால், கோவிலைச் செய்தது யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

செஞ்சியில் ஒரு மூச்சு வாங்கல்

அடுத்து, செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதிலால் சேர்த்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி! பாதி வழியிலேயே வாட்டர் பாட்டில் காலி. உச்சிக்குப் போகுமுன் ஒரு பெரிய பிளவு. அதைப் பாலத்தில் கடக்க வேண்டும். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடலாம். என்ன தந்திரம் பாருங்கள்!

1677-இல் சத்ரபதி சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690-இல் மொகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழ 1698 ஆகிவிட்டது. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இளம் வயதிலேயே உயிரிழந்தார் ராஜா தேசிங்கு. 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும், 1761-இல் ஆங்கிலேயர்களும் கோட்டையைப் பிடித்தனர்.

கீழே உள்ள வெங்கடரமணர் கோவிலின் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய்விட்டனர். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். அடுத்தமுறை அங்கே ஐஸ்கிரீம் சாப்பிடும்போது, அவற்றை நிமிர்ந்து பாருங்கள்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் உள்ளன. மீதி ஒன்று எது? நம் செஞ்சிதான்!

நீங்களும் போகிறீர்களா?

* பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் பெயர் கீறினால், 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

* ராஜகிரி ஏறுவதென்றால் காலையிலேயே தொடங்குங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

* தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். குரங்கார் பங்கு கேட்பார்!

* ஒரு சின்ன நோட்டு கொண்டு போங்கள். மண்டகப்பட்டுத் தூணை அதில் வரைந்து பாருங்கள். அடிச் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே சதுரம். வரைந்து முடிப்பதற்குள், அதைப் பாறையில் செதுக்கியவரின் பொறுமை உங்களுக்குப் புரியும்.

உங்கள் பெயரை எழுத ஆசையா? அந்தப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். தேதியும் போட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!