மோட்டார் எஞ்சின் ஓவர்ஹால்: திறப்பதற்கு முன்பே ஒரு கணக்கு

செம்பனைத் தோட்டத்து வேலைக்கும் பட்டணத்துத் தொழிற்சாலையின் இரவு ஷிப்டுக்கும் நம்மவர்களில் பலரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு கப்சாய் மோட்டார்தான். அது புகை கக்கத் தொடங்கியதும் வரும் முதல் கேள்வி, "ஓவர்ஹால் பண்ண எவ்வளவு ஆகும்?" என்பது. எஞ்சினைத் திறக்காமலே ஒரே விலையை உறுதியாகச் சொல்லும் போமனைவிட, "திறந்து பார்த்துதான் சொல்ல முடியும்" என்பவரே நம்பிக்கைக்குரியவர். ஆனாலும் செலவு எந்த எல்லைக்குள் நிற்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

முதலில் தெரிய வேண்டியது, பழுது எஞ்சினின் மேல்பாதியிலா, அடிப்பாதியிலா என்பது. மேல்பாதி என்றால் பிஸ்டன், ரிங், வால்வு, வால்வு சீல், கேஸ்கட் ஆகியவற்றோடு வேலை முடியும். அடிப்பாதி என்றால் எஞ்சினை இறக்கி, கிராங்க்கேஸைப் பிளந்து, கனெக்டிங் ராட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்ற வேண்டும். கனெக்டிங் ராடை மாற்ற கிராங்க்கை லேத் கடைக்கு அனுப்பிப் பிரஸ்ஸில் கழற்றிப் பூட்ட வேண்டியிருப்பதால் கூலியும் நாளும் கூடும்.

இதற்கு மோட்டாரே துப்புக் கொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்மேல் சந்தேகப்படலாம். முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். அடியிலிருந்து 'டக் டக்' சத்தம் கேட்டால் கிராங்க் பக்கம் செலவு காத்திருக்கிறது. கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. அளவு குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம் பழுது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. எதையும் பிரிக்காமலே கிடைக்கும் விவரம் இது.

பலர் கேட்க மறப்பது பிஸ்டன் அளவை. இஎக்ஸ்5 போன்ற இரும்பு சிலிண்டர் உள்ள எஞ்சினில், தேய்ந்த சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் படியாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். வழக்கமாக 1.00 வரை போவார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மோட்டாரில் முன்பு யாரோ ஏற்கெனவே 1.00 போட்டிருந்தால், கடைய இடமில்லை. புளோக்கையே மாற்றவோ புது ஸ்லீவ் இறக்கவோ வேண்டும். எல்சி135 போன்ற யமாஹாக்களில் இரும்பு ஸ்லீவ் இல்லாத அலுமினிய சிலிண்டர். அவற்றில் பழைய முறையில் கடைவது சரிப்படாது. அதனால் பக்கத்து வீட்டு இஎக்ஸ்5-க்கு ஆன செலவை வைத்து எல்சி-க்குக் கணக்குப் போடக் கூடாது.

விலையைக் கேட்கும்போது மேல்பாதிக்கு ஒன்று, முழு ஓவர்ஹாலுக்கு ஒன்று என இரண்டாகக் கேட்பது நல்லது. சாமான், லேத் கூலி, கடைக் கூலி ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். சாமான் ஒரிஜினலா, வேறு பிராண்டா என்பதும் எழுதப்பட வேண்டும். எஞ்சின் திறந்து கிடக்கும்போது டைமிங் செயின், கிளட்ச் பிளேட் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது சிக்கனம். பிறகு தனியாகச் செய்தால் கூலி இரண்டு முறை. புது ரிங் படியும் முன்பே சில நூறு கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். மோட்டார் கடையில் கிடக்கும் நாள்களில் வேலைக்குப் போகிற கார் வாடகையும் செலவுதான்.

பெரும்பாலான தகராறுகள் பாதி வேலையில் எழுகின்றன. பிரித்துப் போட்ட எஞ்சினைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போவது யாருக்கும் எளிதல்ல. அந்த நேரத்தில் விலை ஏறினால் வாடிக்கையாளரின் கை தாழ்ந்துவிடுகிறது. "இந்தத் தொகையைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்" என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளலாம். வாட்சப்பில் அனுப்பி 'ஓகே' வாங்கினாலும் அது ஆதாரம். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

விலை முன்கூட்டியே பேசப்படாத சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் பயனீட்டாளர் கொடுக்க வேண்டியதில்லை என்று 1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ரசீது இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.