எரியுலைக்கு இடம் பார்த்தல்: ஓர் அறிக்கையை வாசிப்பது

குப்பை எரியுலைக்கு இடம் பார்ப்பதென்றால் காற்றுத்திசை, நிலத்தடி நீர், லாரிப் பாதை என்றுதான் நினைப்போம். கலிபோர்னியக் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக 1984இல் செரல் அசோசியேட்ஸ் எழுதிய பிரதியை நான் வாசிக்கையில் அது தேடுவது வேறு: யார் எதிர்க்கமாட்டாங்க? வருமானம் குறைந்தவர்கள், பள்ளிப்படிப்போடு நின்றவர்கள், வயதானவர்கள். நடுத்தர, மேல்தட்டுக் குடியிருப்புகள் 5 மைல் சுற்றுக்குள் வரக்கூடாதாம். (சேரியை ஊருக்கு வெளியே வைத்த நமக்கு இது ஒண்ணும் புதுசில்லை.)

அதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி, கறுப்பர்களும் லத்தீனோக்களும் வாழும் தென்மத்தியப் பகுதியில் தினம் 1600 டன் எரிக்கும் 'லான்சர்' உலையைத் திட்டமிட்டது. கணக்கு தப்பிப்போச்சு. எதிர்க்கமாட்டார்கள் எனப்பட்ட வகையினர்தான் 1985இல் டயாக்ஸின் நஞ்சு பற்றிய கேள்விகளோடு திரண்டார்கள், முன்னின்றவர்கள் பெண்கள். மேயர் டாம் பிராட்லி, அவரும் கறுப்பர்தான், 1987இல் திட்டத்தைக் கைவிட்டார்.